கடலுக்கும் விதைநெல் வேண்டும்

விதைக்கென ஒதுக்கிய நெல்லை எத்துணை வறுமையிலும் குத்தி உண்ணாத குடியானவனே மறுபோகத்திற்கு உரியவன் என்பது நம் மிராசுதாரர்கள் யாவரும் அறிந்ததே. இவ்வுண்மை நிலத்திற்கு மட்டுமன்றிக் கடலுக்கும் பொருந்தும் என்பதைப் பிலிப்பைன் தீவுகளைச் சேர்ந்த ஏஞ்சல் அல்கலா (1929–2023) என்னும் கடலுயிர் நூல் அறிஞர் ஆராய்ச்சியால் காட்டினார். வயலுக்குரிய இப்பத்திரிகையிற் கடலைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் வினவலாம். ஊர்ப் பொதுச்சொத்தைக் காக்கும் வகைபற்றி அவர் கண்டவை, ஏரியும் மேய்ச்சற் புறம்போக்கும் உடைய ஒவ்வொரு கிராமத்திற்கும் உரியவை என்பது எமது அபிப்பிராயம்.

பவளப்பாறை வெறுங் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு வழிவழியாகக் கட்டிய வீடு அது. அதன் பொந்துகளில் மீன்கள் ஒதுங்கி, இரைதேடி, வளர்கின்றன. பிலிப்பைன் தீவுகளில் வெடி வைத்தும், பாறையை இடித்து மீனை வலைக்குள் விரட்டியும் பிடித்தமையால் பல பாறைகள் நொறுங்கின. வீடு அழிந்த இடத்தில் மீனும் அருகிற்று.

சில்லிமன் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், சுமிலோன் என்னும் சிறு தீவைச் சூழ்ந்த பாறையில் ஏறத்தாழக் கால்பங்கு, 1974-இல் மீன்பிடித்தல் ஆகாத இடமாக ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் சென்றபின், உள்ளூர் ஆட்சியின் ஆதரவு இல்லாமற்போக, 1984-இல் காவல் குலைந்து அவ்விடத்திலும் வலை விழுந்தது. மீன்பிடிக்கும் பரப்புக் கூடியமையால் வரும்படியும் கூடியிருத்தல் வேண்டுமன்றோ? நிகழ்ந்தது வேறு. இரண்டாண்டுகளுக்குள் தீவின் மொத்த மீன்வரவு ஏறக்குறையப் பாதியாகக் குன்றிற்று. அல்கலாவும் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த காரி ரஸ் என்பவரும் இதனை அளந்து 1990-இல் வெளியிட்டனர். பூட்டிவைத்த கால்பங்கே திறந்த முக்கால்பங்கிற்கும் மீன் ஊட்டிவந்தது என்பது அவர்கள் கண்ட முடிபு.

ஆப்போ என்னும் மற்றொரு தீவில், 1982-இல் ஊர்மீனவரே உடன்பட்டுப் பாறையில் பத்திலொரு பங்களவை ஒதுக்கிக் காவலும் ஏற்றனர். 1983 முதல் 2001 வரையுள்ள 18 ஆண்டுகளில், அவ்விடத்துப் பாரை முதலிய இருவகை மீன்களின் எடை மும்மடங்காயிற்று. எல்லைக்கு வெளியே தூண்டிலிடுவோர்க்கும் அதே உழைப்பிற்கு முன்னிலும் மிகுதியான மீன் கிட்டியது.

இவ்விரு தீவுகளும் கற்பிக்கும் பாடம் யாது? ஆராய்ச்சி அறிவு இரண்டிற்கும் ஒன்றே; ஊராரின் மனமும் உள்ளூர் ஆட்சியின் துணையும் மட்டுமே வேறுபட்டன. மேலிடத்து ஆணை மட்டும் வேலியாகாது. அந்நாட்டார் 1991-இல் இயற்றிய உள்ளூராட்சிச் சட்டத்தால், கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலை ஆளும் உரிமையை நகராட்சிகட்கு அளித்தமை எமக்கு மிக நன்றாகத் தோன்றுகிறது.

அன்றாடங் கூலிக்கு வலைவீசுவோன் இன்றைக்கு எதை உண்பான் என்று சிலர் வினவுவர். இது நேர்மையான கேள்வி. ஆதலின் ஒதுக்கும் பங்கு சிறிதாகவும், அவனே தேர்ந்ததாகவும், அயலார் புகாது காக்கப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். இம்முறை எல்லாத் துன்பத்திற்கும் மருந்தெனவும் கூறோம். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்கள் ஆப்போவின் காவற் பாறையையே சிதைத்தன. கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுப்பதையும் ஊர்க்காவல் தடுக்காது.

நமது மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளைச் சூழப் பவளப்பாறைகள் உள. அவை 1986-இல் தேசியப் பூங்காவாயின. ஆயினும் தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்பிற்காகப் பாறையை நெடுங்காலம் வெட்டினர். தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. பவளத்தை எடுத்தல் 2001 முதல் கடுங்குற்றமாகும். உழவர்க்கும் இதிற் கடமை உண்டு. வயலின் மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்பட்டுக் கடலிற் கலக்குமாயின், அவ்வண்டல் பவளத்தை மூடி மாய்க்கும். வரப்பை உயர்த்துவோன் தன் மண்ணோடு மீனவன் பாறையையும் காக்கின்றான்.

கிராம அதிகாரிகட்கு ஒரு வேண்டுகோள். ஏரியின் மீன்பாசிக் குத்தகையை ஏலம் விடுங்கால், நீர் வற்றாத மடு ஒன்றிருப்பின், அதில் வலைவீசலாகாது என்னும் நிபந்தனையை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவுசெய்து பத்திரத்திற் சேர்ப்பீர்களாக. குத்தகைத்தொகை முதலாண்டிற் சிறிது குறையலாம். விதைநெல்லை ஒதுக்கும் வீட்டிலும் அவ்வாண்டு ஒரு கோட்டை நெல் குறையத்தான் செய்கிறது. அதனை எவரும் நட்டமென்று கணக்கெழுதுவதில்லை.