ஸ்மார்ட் போர்ட் வரட்டும், விஞ்ஞான ஆசிரியரும் வரட்டும்

தோட்டப் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வருகிறது என்றால், போர்ட்டுக்கு முன்னால் தோரணம் வரும், மேளம் வரும், பொன்னாடை வரும். நாடா வெட்டி, படம் பிடித்து, கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டுப் போவார்கள். இரண்டு தவணை கழித்து அதே வகுப்பறைக்குப் போய்ப் பாருங்கள். போர்ட்டின் மேல் பழைய மேசைவிரிப்பு போர்த்தியிருக்கும். அதற்குரிய பேனா தொலைந்திருக்கும். கரண்ட் ஏறி இறங்கியதில் ஏதோ ஒன்று போயிருக்கும். பழுது பார்ப்பவரைக் கொழும்பிலிருந்து கூப்பிட அதிபரிடம் காசு இருக்காது.

நான் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்த காசில் படித்தவள். தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். புரொஜெக்டர் இல்லாமல் நான் வகுப்புக்குப் போகும் நாள் குறைவு. என் கோபம் வேறு இடத்தில். பாட ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு ஆசிரியருக்குப் பதிலாக ஒரு திரையைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போகிறார்களே, அங்கேதான்.

2020 மார்ச் 13ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு மேல் திறப்பதும் மூடுவதுமாகவே போயிற்று. கல்வியமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ இருந்தது. நகரத்து ஆசிரியர்கள் சூமில் வகுப்பெடுத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது வட்ஸ்அப். வினாத்தாளைக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் போய் விழும். தரம் 9 பிள்ளை ஒருத்தி பதறிப்போய்க் கேட்டாள்: “மிஸ், இந்தப் பேப்பர் இங்கிலீஷ் மீடியமா?” அதன்பிறகு எல்லாவற்றையும் அச்சில் எடுத்து, போனில் படம் பிடித்து அனுப்பினேன். விளக்கங்களைக் குரல் பதிவாக அனுப்பினேன். வீடியோ தின்கிற டேட்டாவோடு பார்த்தால் குரலுக்கு ஆவது கொஞ்சம்தான். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இரவில் கேட்கலாம், விளங்காவிட்டால் திரும்பவும் கேட்கலாம்.

அதுவும் வீட்டில் போன் இருந்தால்தான். குழுவில் சேராத ஒரு பையனின் தாயைப் பெரட்டுக்களத்தில் கண்டு விசாரித்தேன். “டீச்சர், போன் அவங்க அண்ணன்கிட்டதான் இருக்கு. கொழும்புல கடையில நிக்கிறான். பொங்கலுக்குத்தான் கொண்டாருவான்” என்றார். பொங்கலுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2021 மார்ச்சில். அந்த ஆயிரத்துக்கும் முழுப்பேர், அதாவது முழுநாள் கணக்கு, விழ வேண்டியிருந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஒரே போன், அதற்கு ரீலோட் வேறு. 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. சொந்தப் பணத்தில் டேட்டா போட்டுப் படிப்பிக்கிறோம் என்று அப்போது அவர்கள் சொன்னதை எங்கள் பக்கத்துப் பெற்றோர் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. பெற்றோரும் சொந்தப் பணத்தில்தானே டேட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டில் பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறை மேல் ஏறிப் படித்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. படத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகத் தெரிந்தது, பிள்ளைகளோடு அவர்களின் ஆசிரியையும் பாறை ஏறியிருந்தார் என்பது.

இப்போது என் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தரம் 8க்கு நுண்ணங்கிகள் பாடம். ஆய்வுகூடம் கிடையாது, நுணுக்குக்காட்டியும் கிடையாது. போனை மேசையில் மல்லாக்க வைத்து, செல்ஃபி கமராவின் மேல் ஒரே ஒரு துளி தண்ணீர் விடுவேன். துளி குவிந்து நின்றால் அதுவே வில்லை. அதற்குச் சற்று மேலே, கிட்டத்தட்டத் தொடுகிற உயரத்தில் கொழுந்தைப் பிடித்து, போனை வயரால் புரொஜெக்டரில் இணைத்தால், சுண்ணாம்புச் சுவரில் மொட்டின் வெள்ளி மயிர் புல்வெளியாக விரியும். தாய் தினமும் கிள்ளுகிற மொட்டுக்கு மயிர் இருப்பதை அன்றைக்குத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ‘சில்வர் டிப்ஸ்’ என்று பெரிய விலைக்குப் போகிற தேயிலையின் வெள்ளி நிறம் இதுதான் என்று சொன்னால், நம்பாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அடுத்து, கொப்புளம் விழுந்த இலை. எக்சோபசிடியம் என்ற பங்கசு. 1946இல் இலங்கைக்கு வந்த நோய். இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் பூச்சு சுவரில் பெரிதாகத் தெரிந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். “மிஸ், இது புடிச்சாத்தான் எங்கப்பாவுக்கு மருந்தடிக்கிற வேல.” அங்கிருந்து பாடம் தானாகத் திரும்பியது. மருந்தில் என்ன இருக்கிறது? செம்பு. செம்பு பங்கசை எப்படிக் கொல்கிறது? அப்பா ஏன் கையுறை போட வேண்டும், ஏன் போடுவதில்லை? மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நீங்களும் அங்கே வேலைக்குப் போகலாம் என்று சொன்னேன். அந்த நிறுவனம் எங்கள் பக்கத்திலேயே இருப்பது பலருக்குப் புதுச்செய்தி.

இந்தப் பாடத்துக்கு வேண்டியிருந்தது ஒரு போன், ஒரு புரொஜெக்டர், ஒரு துளி தண்ணீர். ஆனால் பையன் எழுந்து பேசியபோது பங்கசிலிருந்து செம்புக்குப் பாடத்தைத் திருப்ப அந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த இன்னொரு பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. நல்ல திரை இருக்கிறது. சமய பாட ஆசிரியை பொத்தானை அமுக்கிவிட்டு அமைதி காக்கிறார். பாவம், அவர் வேறென்ன செய்வார்? வீடியோ நாற்பது நிமிடம் பேசுகிறது. சந்தேகம் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கொஞ்ச நாளில் பிள்ளை கேட்பதையே விட்டுவிடுகிறது.

மலையகத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு பழைய கதை. தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கலாம் என்ற யோசனைகூட ஒருகாலத்தில் எழுந்து, எதிர்ப்பில் அடங்கிப்போனது. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். தங்க ஒரு நல்ல அறை கிடையாது. மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் மழையிலும் பனியிலும் தேயிலை மலை வழியே நடக்க வேண்டும்.

உதவி என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். 80களில் சுவீடனின் சீடா நிறுவனம் உதவ வந்தபோது கட்டடத்தோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் கொடுத்தது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்றவர்கள் இன்றும் மலையக வகுப்பறைகளில் நிற்கிறார்கள். 2024இல் இந்தியா ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கான கொடையை இரட்டிப்பாக்கி 60 கோடி ரூபாய் ஆக்கியது. மகிழ்ச்சி. அந்தப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களை அனுப்பும் பொறுப்பு நம் அரசாங்கத்துடையது. அதை யாரும் கொடையாகத் தர முடியாது.

இனிக் கருவிகளைப் பற்றி. சிக்னலை நம்பிப் போடுகிற திட்டம் எதுவும் இந்த மலையில் நிற்காது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நுவரெலியா, பதுளை, கண்டி எங்கும் மண் சரிந்து, கரண்டும் போனும் செத்துக் கிடந்தன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே தமிழ்மொழி மூலப் பாடங்களைப் பென்டிரைவில் போட்டுப் பாடசாலைக்கே கொடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை வைத்து, அவருக்கு ஒரு வாகனமும் கொடுங்கள். கருவிக்குச் செலவழிக்கும்போதே ஆசிரியர் விடுதிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் திறக்க யாராவது வந்தால், மாலை போடுங்கள், மரியாதை செய்யுங்கள். பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, விஞ்ஞான ஆசிரியர் எந்தத் திகதியில் வருகிறார் என்று மேடையிலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.