கூரை நம்முடையதாக வேண்டும்



1902ஆம் ஆண்டு ஜூன் மாதம், சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் ஓடி நமது தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். பெங்களூருக்கே மூன்று ஆண்டு முந்தி மின்சாரம் கண்ட ஊர் நம் ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் நம் பங்கு எவ்வளவு? அந்த மின்சாரம் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்க இயந்திரங்களைச் சுழற்றுவதற்காக வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்து, மூங்கில் தட்டி வீட்டில் குடியிருந்த நம் பாட்டன் பாட்டிக்காக வரவில்லை. கம்பி அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இன்று இன்னொரு மின்சாரம் நம் தலைக்கு மேலே நிற்கிறது. அதுதான் வெயில். இதுவும் நம்மைத் தாண்டிப் போகப்போகிறதா, அல்லது இந்தத் தடவையாவது நம் வீட்டுக்குள் இறங்கப்போகிறதா என்பதே இப்போது நம் முன் உள்ள கேள்வி.

விடியற்காலையில் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் பெங்களூர் வண்டிக்குக் காத்து நிற்கும் தோழர்கள் சில மாதங்களாக எங்களிடம் இதைப் பற்றியே கேட்கிறார்கள். "சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராதாமே, கவர்ன்மெண்ட் பணம் கொடுக்கிறதாமே, கடன் வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள். இன்ஜினியர்கள் அல்ல. ஆனாலும் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்து, அரசாங்கத்தின் விதிகளையும் படித்து, சங்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இப்போது அவசரப்பட்டுக் கடன் வாங்கித் தகடு மாட்ட வேண்டாம். ஆனால் கூரையை இப்போதே தயார் செய்து வைப்போம். அதோடு, அந்தக் கூரை நம் பெயரில் இருக்கும்படியும் செய்வோம்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதம மந்திரி சூரிய கர் திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளுக்கு என்று சொன்னார்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். வேலை முடிந்து, மின்சார அலுவலகம் சோதித்து இணைப்பும் கொடுத்த பிறகுதான் அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும். மீதியை நாம்தான் போட வேண்டும். திட்டத்துக்கு அறிவித்த காலம் 2026-27 நிதியாண்டு வரை. இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான நிபந்தனை ஒன்று உண்டு. விண்ணப்பிக்கிற குடும்பத்துக்குத் தகடு பொருத்தத் தகுந்த கூரையோடு சொந்த வீடு இருக்க வேண்டும். மின் இணைப்பும் இருக்க வேண்டும்.

சொந்த வீடு! இந்த இரண்டு சொல்லில் நம் ஊரின் கதையே அடங்கியிருக்கிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று. குடியிருந்த லைன் வீடு மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டை அதில் வாழ்ந்த தொழிலாளிக்கே எழுதிக் கொடுங்கள் என்று எத்தனை மனு, எத்தனை ஊர்வலம்! இன்றும் பட்டா கையில் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. மூன்று தலைமுறையாக மழைக்கு ஒழுகிய கூரையை நாம்தான் மாற்றினோம், சுவரை நாம்தான் பூசினோம். ஆனால் காகிதத்தில் அது நம் கூரை இல்லை. காகிதத்தில் இல்லாத கூரைக்கு மானியமும் இல்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. துமகூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா இருக்கிறது. நிலத்தை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் உள்ளவருக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் வருகிறது. அதே நிலத்தில் களையெடுத்துக் கூலி வாங்கியவருக்கு வேலை போனதுதான் மிச்சம். வெயில் எல்லோருக்கும் பொதுதான் தோழர்களே. ஆனால் வெயிலிலிருந்து வரும் காசு பத்திரம் வைத்திருப்பவருக்கே போய்ச் சேருகிறது.

ஆகவே முதல் தயாரிப்பு சிமெண்டில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. மின்சார பில் யார் பெயரில் வருகிறது என்று இன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இறந்துபோன தகப்பனார் பெயரிலோ பழைய வீட்டுக்காரர் பெயரிலோ வந்தால், பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள். வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்று, கம்பெனி வீடானால் அதை ஒதுக்கிய பழைய தாள், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாழ்கிற வீட்டில், மொட்டை மாடி யாருக்கு என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தகடு வந்த பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

அடுத்து, ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சொந்த மனையில் வீடு கட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் சித்தாளாகவும் செக்யூரிட்டியாகவும் உழைத்துச் சேர்த்த பணத்தில் தளம் போடுகிறீர்கள். அந்தத் தளம் போடும் வேளையில் சிறிது யோசித்தால் பின்னால் பெருஞ்செலவு மிஞ்சும்.

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். இரண்டு மின்விசிறி, டி.வி., மிக்சி, நாலு விளக்கு உள்ள நம் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டே பெரும்பாலும் போதும். ஆகவே நூறு அடி, முடிந்தால் இருநூறு அடி இடத்தைத் தெற்குப் பக்கமாக வெறுமையாக விட்டு வையுங்கள். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. நிழல் வடக்கே விழுகிறது. எனவே தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையும் வடக்குப் பக்கம் இருக்கட்டும். கொத்தனார் தம் வசதிக்காகத் தொட்டியைத் தெற்கு மூலையில் வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகடுகளைத் தொடர்ச்சியாக இணைத்திருப்பார்கள். ஒன்றின் மேல் தொட்டியின் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் தளர்ந்துவிடும். ஒரு பெட்டியில் பிரேக் இறுகிவிட்டால் வண்டி முழுவதும் இழுபடுகிறதே, அதைப் போல.

தளத்தை ஓட்டை போடுவதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். எங்கள் தோழர் ஒருவர் வீட்டில், தகடு மாட்ட வந்தவர்கள் சுருக்கி ஓட்டைத் துளைத்துப் போல்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மழையில் கட்டில் மேலேயே ஒழுகிற்று. வந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஆகவே தளம் வார்க்கும்போதே, சுவரும் பீமும் வருகிற இடங்களுக்கு மேலே, கம்பி நட்டுச் சிறு சிமெண்ட் பீடங்களை வார்த்துவிடுங்கள். அதன் பிறகு ஓடு பதித்தால் பீடத்தைச் சுற்றி நீர் இறங்காது. தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான். நல்ல காங்கிரீட் தளத்துக்கு அது பாரமே அல்ல. பயப்பட வேண்டியது ஆடிக் காற்றுக்கு. காற்று தகட்டின் அடியில் புகுந்து மேலே தூக்கும். பீடம் உறுதியாக இல்லையென்றால் நம் தகடு அடுத்த வீட்டுக்காரர் தலையில் போய் விழும்.

சுவர் பூசுவதற்கு முன், மாடியிலிருந்து மீட்டர் பலகை வரைக்கும் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைச் சுவருக்குள் இறக்கி விடுங்கள். உள்ளே ஒரு கட்டுக்கம்பியை ஓட்டி, இரண்டு முனையையும் அடைத்து வையுங்கள். பிற்பாடு ஒயர்மேன் அந்தக் கம்பியில் ஒயரைக் கட்டி இழுத்துக்கொள்வார். சுவரை உடைக்கும் கூலி மிஞ்சும். மீட்டருக்குப் பக்கத்தில் வெயிலும் மழையும் படாத இரண்டு அடிச் சுவரை இன்வெர்ட்டருக்காக ஒழித்து வையுங்கள். எர்த் குழிகளுக்கு வாசலில் இடம் விடுங்கள்.

மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்று கம்பிகளை நீட்டி விட்டிருப்பவர்கள் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்த மாடி ஐந்தாறு வருடத்தில் வருமா, அல்லது மகள் கல்யாணத்துக்குப் பிறகா? தகட்டின் ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டு. நடுவில் கழற்றி மாட்டுவது வீண் செலவு. மாடி எடுப்பது உறுதியென்றால் குழாயை மட்டும் இறக்கிவிட்டுக் காத்திருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சைனைடு மலைகள்! 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு மண் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி நம் சோற்றில் விழுகிறது. தகட்டின் மேலும் விழும். தூசி படிந்த தகடு அரை வயிற்றுக்காரன் போல அரை வேலைதான் செய்யும். அடிக்கடி துடைக்க வேண்டும். ஆகவே மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய், ஏறுவதற்கு நிரந்தரமான படி, தகடுகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்க வழி, இவை மூன்றும் வேண்டும். துடைக்கிற வேலை கடைசியில் நம் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும் என்பது நமக்குத் தெரியாதா? அவர்களை ஆடுகிற ஏணியில் ஏற்றாதீர்கள்.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் போட்ட லைன் வீடுகளில் இருப்பவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏறி நடக்கக் கூடாது, உடைந்து ஆளோடு கீழே வரும். அதைத் துளைக்கவும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் போய்ப் புற்றுநோயை உண்டாக்கும். சுரங்கத்தில் கல்தூசி குடித்துச் சிலிகாசிஸ் வந்து இருமி இருமிச் செத்தவர்களின் பிள்ளைகள் நாம். தூசியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த வீடுகளில் தகடு வைப்பதானால், தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ எழுப்பிய தனி இரும்புச் சட்டத்தில்தான் வைக்க வேண்டும். அதையும் சுவரின் பலத்தை ஒரு பொறியாளர் பார்த்த பிறகே செய்ய வேண்டும். முதலில் கூரையை மாற்ற வேண்டியிருந்தால் அந்தப் பணத்தைக் கூரைக்கே செலவிடுங்கள்.

"கர்நாடக அரசின் கிருஹ ஜோதி 2023லிருந்து நமக்கு இலவச மின்சாரம் தருகிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் 200 யூனிட்டுக்குள் வரம்பு வைத்து அந்தச் சலுகை கிடைக்கிறது. பில்லே வராத குடும்பம் இன்று கடன் வாங்கித் தகடு போட்டால் நஷ்டம்தான். அதனால்தான் போடாதீர்கள் என்கிறோம். ஆனால் சலுகை என்பது கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளக் கூடியது. சுரங்கம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பியவர்கள் நாம். ஒரு நாளில் கதவைச் சாத்தினார்கள். அந்த அனுபவம் ஒன்றே போதாதா? ஒரு குழாய்க்கும் நாலு பீடத்துக்கும் ஆகும் செலவு சிறிது. அது கிடந்தாலும் கெட்டுப்போகாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டரி இல்லாத சாதாரண சோலார், பெஸ்காம் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாட்டை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் "கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் மட்டும் எரியும்" என்று வாசலில் வந்து சொல்கிற தரகரை நம்பி முன்பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். பதிவு பெற்ற நிறுவனமா என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் கூரைமேல் தகடு விரித்து, பகல் நேர மின்தேவையை அதிலிருந்தே எடுக்கிறார்கள். ரயில் நிலையத்தின் கூரை ரயில்வேக்குச் சொந்தம், ஆகவே வெயிலும் ரயில்வேக்குச் சொந்தம். நம் கூரை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். லைன் லைனாகப் பட்டியல் எடுப்போம். பட்டா உள்ளவர் எத்தனை, இல்லாதவர் எத்தனை, எந்த வீட்டுக்கு எந்தக் கூரை என்று நாமே எழுதுவோம். குடியிருப்பவருக்கே வீடு என்ற பழைய கோரிக்கையோடு, கூரை மாற்ற உதவி என்ற புதிய கோரிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைப்போம்.

1902இல் கம்பி நம் தலைக்கு மேலே போனபோது நம் முன்னோர்களிடம் சங்கம் இல்லை, படிப்பு இல்லை, ஓட்டு இல்லை. நமக்கு மூன்றும் இருக்கின்றன. இருந்தும் நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றால், பழி நம்முடையதே.