அடையாற்றங்கரையில் மூங்கில் துப்பாக்கிகள்

சரித்திரம் என்பது டில்லியிலும் பிளாசியிலும் நடந்த சங்கதி என்று எண்ணும் மயிலாப்பூர்வாசிகள் பலர் உண்டு. பிளாசி யுத்தத்துக்குப் பதினோரு வருஷம் முன்னதாக, நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே ஒரு யுத்தம் நடந்தது என்றால் அவர்கள் நம்புவதில்லை.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தனர். அதைத் தம்மிடம் ஒப்புவிக்கும்படி ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கேட்டார், கிடைக்கவில்லை. அவருடைய குமாரர் மாபூஸ் கான், சுமார் 10,000 பேருடனும் பீரங்கிகளுடனும் சாந்தோமை அடுத்து அடையாற்றின் வடகரையில் வந்து நின்றார். நவம்பர் 4ஆம் தேதி, புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற தளபதி தென்கரையை அடைந்தார். அவருடன் இருந்தவர்கள் ஏறக்குறைய 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களுமே. பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆற்றில் இறங்கி நடந்து கரையேறினார்கள்; ஒருசேரச் சுட்டார்கள்; துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியுடன் பாய்ந்தார்கள். நவாபின் சேனை சாந்தோம் வீதிகளுக்குள் ஓடியது. அங்கும் நிற்க முடியவில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? புஸ்தகத்தில் வாசித்துச் சொன்னபோது என் மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை, முப்பது பிள்ளைகளையும் முப்பது மூங்கில் கழிகளையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன்.

அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு ஒரு குண்டுதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தும் குண்டும் குழாயிலிட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுட வேண்டும். தேர்ந்த கைக்கும் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வெடிக்கும். முதலில் அவரவர் இஷ்டம்போல் ‘சுட’ச் சொன்னேன். ஒரே கூச்சல், பாதிப் பேர் எதிரி வருமுன் சுட்டுவிட்டு வெறுங்கழியுடன் நின்றார்கள். பிறகு மூன்று வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசை சுடும்போது மற்ற இரண்டும் மருந்து கெட்டிக்கச் செய்தேன். எண்ணிப் பார்த்தோம்: ஏழு விநாடிக்கு ஒரு வெடி! எதிர்ப்பக்கத்துப் பையன்கள் தாமாகவே பின்வாங்கினார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்த ஒரு பையன் கேட்டான்: “ஸார், அந்த 700 சிப்பாய்கள் யார்?”

“நம்மவர்கள்தான், அப்பா” என்றேன்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

வெள்ளைக்காரன் தோலில் ஏதோ விசேஷ வீரம் இருந்தது என்று வெகுகாலம் நமக்குப் போதித்தார்கள். அன்று ஆற்றைக் கடந்து வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு நம் நாட்டார். வென்றது நிறமல்ல, பயிற்சியும் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்து நின்ற கட்டுப்பாடுமே. அந்தக் கட்டுப்பாடு நமக்கும் கைவரும் என்பதை அந்தச் சிப்பாய்களே நிரூபித்தார்கள். ஆனால், யாருக்காகச் சுடுகிறோம் என்று கேட்க மட்டும் அவர்களுக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

திரும்பும்போது பிள்ளைகள் கழிகளைத் தோளில் சாய்த்து, நான் சொல்லாமலே வரிசையாக நடந்தார்கள். கேள்வி கேட்ட பையன்தான் முன்னால் போனான்.