இ-ஸ்கூட்டர் பேட்டரி: என்எம்சியா, எல்எஃப்பியா? சீனாவின் பிடி ஏன் முக்கியம்?

உத்திரமேரூரில் இருந்து காஞ்சிபுரம் போய்வர சுமார் 60 கி.மீ. அதனால் இ-ஸ்கூட்டர் வாங்குவோரின் முதல் கேள்வி, ‘ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும்?’ என்பதுதான். உள்ளே எந்த செல் இருக்குன்னு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நிக்கல், கோபால்ட் கலந்த என்எம்சி செல் எடை குறைவு, தூரம் அதிகம். இரும்பு, பாஸ்பேட்டில் செய்யும் எல்எஃப்பி கனம்தான். ஆனால் விலை குறைவு, கூடுதல் வருஷம் உழைக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்துபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

2024-ல் உலக மின்வாகன பேட்டரி சந்தையில் பாதிக்கு மேல் சீனாவின் சிஏடிஎல், பிஒய்டி கையில். கிருஷ்ணகிரி ஆலையில் ஓலா தயாரிக்கத் தொடங்கிய 4680 செல்லும் என்எம்சி ரகமே. எல்எஃப்பி தொழில்நுட்ப ஏற்றுமதிக்கு 2025 ஜூலையில் சீனா கடிவாளம் போட்டுவிட்டது. மலிவான செல்லை இங்கேயே செய்வது இப்போது இன்னும் கஷ்டம்.