பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் வாயில்



வெயிலில் களைத்து வருவோர்க்கு இளநீர் கொடுப்பது நம் இல்லங்களின் வழக்கம். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அதே இளநீரை மருத்துவர் விலக்குகிறார். காரணம் யாதெனில், இளநீரில் மிகுந்துள்ள பொட்டாசியத்தைப் பழுதுற்ற சிறுநீரகம் வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் அது அளவு கடந்தால் இதயத் துடிப்புத் தடுமாறும், நின்றுவிடவும் கூடும். இளநீருக்கும் இதயத்திற்கும் இத்துணை நெருங்கிய தொடர்பு எவ்வாறு வந்தது?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அதனுள்ளே பொட்டாசியம் மிகுதி; வெளியே ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. சமையல் உப்பிலுள்ள சோடியமோ வெளியே மிகுதி, உள்ளே குறைவு. மின்னூட்டம் பெற்ற அயனிகளாக இவை சவ்வைக் கடந்து செல்வதாலேயே நரம்பில் செய்தி ஓடுகிறது. இவ்வுண்மையை இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952இல் விளக்கினர். கொழுப்புச் சவ்வை அயனிகள் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்த புரதங்களே அவற்றுக்கு வாயில்கள். அத்தகைய ஒற்றை வாயில் திறந்து மூடுவதை 1976இல் ஜெர்மனியில் நேயர், சாக்மன் என்னும் இருவர் அளந்து காட்டினர்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. பொட்டாசிய அயனி பெரியது. சோடிய அயனி சிறியது. பெரியது நுழையும் துளையில் சிறியதும் நுழைய வேண்டுமன்றோ? பொட்டாசிய வாயிலோ பெரியதைக் கோடிக்கணக்கில் நொடிதோறும் விடுகிறது, சிறியதைத் தடுக்கிறது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிற்குக்கூடப் பிழை நேர்வதில்லை!

இப்புதிரை அவிழ்த்தவர் அமெரிக்கரான ரோடரிக் மெக்கினன். 1956இல் பிறந்த இவர் மருத்துவம் பயின்று, பாஸ்டன் நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் பயிற்சியும் முடித்தவர். முப்பது வயதளவில் மருத்துவத் தொழிலை விட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். ஹார்வர்டில் பேராசிரியராகிப் பெயர் பெற்ற பின்னும் அவருக்கு நிறைவில்லை. வாயிலின் உருவைக் காணாமல் அதன் செயலை முற்றும் அறிய இயலாது என உணர்ந்தார். புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அணுக்களின் இருப்பிடம் தெரியவரும். ஆனால் கொழுப்பில் குடியிருக்கும் புரதங்கள் எளிதில் படிகமாவதில்லை. அம்முறையில் அவருக்குப் பயிற்சியும் இல்லை. நாற்பது வயதை எட்டும் பருவத்தில் அவர் மீண்டும் மாணவரானார். 1996இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வேதியியல் கற்ற அவருடைய துணைவியாரும் அவருடன் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1998இல், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பொட்டாசிய வாயிலுடைய உருவை அவர் உலகிற்குக் காட்டினார். விடை வியப்பானது. நீரில் மிதக்கும் அயனி நீர் மூலக்கூறுகளை ஆடைபோல் போர்த்தியுள்ளது. வாயிலின் குறுகிய பகுதியில் நுழைய அவ்வாடையைக் களைந்தாக வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், நீர் தாங்கியவாறே பொட்டாசியத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே அது தயக்கமின்றி ஆடையைக் களைந்து நுழைகிறது. சிறிய சோடியத்திற்கோ அவ்வணுக்கள் கைக்கெட்டாத் தொலைவில் உள்ளன. அது நீராடையுடன் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதற்காக 2003இல் மெக்கினன் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். உயிரணுவில் நீருக்கான வாயிலைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரி அதனைப் பகிர்ந்துகொண்டார்.

இஃது ஏட்டறிவு மட்டுமன்று. ஒவ்வாமைக்கு வழங்கப்பட்டு வந்த டெர்ஃபெனடின் என்ற மருந்து, இதயத்தின் பொட்டாசிய வாயிலை அடைத்துச் சிலரது துடிப்பைக் குலைத்தது. 1998இல் அமெரிக்காவில் அது விலக்கப்பட்டது. புதிய மருந்துகள் அவ்வாயிலை அடைக்கின்றனவா என்று இன்று முன்னரே சோதிக்கின்றனர்.

பெற்றோர்களே, படித்துத் தொழிலில் அமர்ந்த பிள்ளை திசை மாற விரும்பினால் நாம் கலங்குவது இயல்பே. மாறுவோர் எல்லாரும் பரிசு பெறுவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் "இனி என்ன படிப்பு?" என்று கதவடைக்குமுன், அவன் எதைத் தேடுகிறான் என்று ஒருமுறை கேளுங்கள். நோயாளி உள்ள இல்லத்தாருக்கும் ஒரு சொல்: இளநீர் வேண்டாமென மருத்துவர் கூறினால், அன்பின் மிகுதியால் மறைவாகக் கொடுத்துவிடாதீர்கள். அத்தடை அந்தச் சின்னஞ்சிறு வாயில்களை எண்ணி இடப்பட்டது.