கோழி செத்தால் பழி யார்மேல்?

நேற்று மாலை கொக்கரித்துத் திரிந்த கோழி இன்று காலை கூட்டுக்குள் செத்துக் கிடக்கிறது. உடனே நம் வீடுகளில் எழும் கேள்வி, "யார் கண் பட்டதோ?" என்பதே. அடுத்த கேள்வி, "பக்கத்து வீட்டுக்காரி ஏதும் வைத்துவிட்டாளோ?" என்பது. இவ்வாறு ஒரு கோழியின் சாவோடு இரு குடும்பங்களின் உறவும் செத்துப்போகிறது.

உண்மைக் காரணங்களோ பல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. கோடை வெப்பம் தாங்காமல் மூச்சிரைத்து மடியும். முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டும் சாகும். ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். வந்தபின் இதனைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் வராமல் தடுக்க வழியுண்டு: குஞ்சுக்கு 7ஆம் நாளில் சொட்டு மருந்து, 8ஆம் வாரத்தில் தடுப்பூசி.

எனவே, தானாகச் செத்த கோழியைக் குழம்பு வைக்கவும் வேண்டாம். காக்கையும் நாயும் இழுத்துச் செல்லத் தெருவில் எறியவும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். இயலாவிடில் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்போம்.

தோழியரே! குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியை நம் ஆண்டவர் தம் அன்புக்கே உவமையாக்கினார். அந்தக் கோழியை முன்னிட்டு அயலாரைப் பகைப்பது நமக்கு அழகாகுமா? காரணம் அறியுமுன் பழி கூறாதிருப்பதும் பிறரன்பே. வகுப்பில் கற்ற அறிவியலை அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பணிவோடு எடுத்துரைப்போம்.