உடன்படிக்கைத் திருமணம்

எவர் மீதும் குற்றம் மெய்ப்பிக்காமலே மணமுறிவு பெறலாம் என்னும் சட்டத்தில், 1969-இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கையொப்பமிட்டவர் ஆளுநர் ரொனால்டு ரேகன். அவரே மணமுறிவு கண்டவர். விவிலிய வாக்கே முடிவு எனக் கொள்ளும் சுவிசேஷ சபையாருள் பெரும்பாலோர் 1980-இல் அவரையே குடியரசுத் தலைவராக்க வாக்களித்தனர் என்பது விந்தையே!

எளிதாகிவிட்ட மணமுறிவுக்கு அணையிட அச்சபையார் பின்னர் முனைந்தனர். லூசியானாவில் டோனி பெர்க்கின்ஸ் கொணர்ந்த ‘உடன்படிக்கைத் திருமண’ச் சட்டம் 1997-இல் நிறைவேறிற்று. அரிசோனாவும் ஆர்கன்சாவும் பின்தொடர்ந்தன. இவ்வகை மணத்தை விரும்பி ஏற்போர் முன்னதாக ஆலோசனை பெறுதல் வேண்டும். பிணக்கு நேரின் மீண்டும் ஆலோசனை நாடுவதாக உறுதியளித்தலும் வேண்டும். லூசியானாவில் விபசாரம், கைவிடுதல், கொடுமை, கடுங்குற்றத் தண்டனை, நெடுநாள் பிரிவு இவையன்றி மணமுறிவு கிடையாது. அடிபடும் மனைவியை மறவாதது நன்று.

ஆயினும் இதனைத் தேர்ந்தவர் நூற்றுக்கு ஓரிருவரே. ஆர்கன்சா ஆளுநர் மைக் ஹக்கபி 2005-இல் பல்லாயிரவர் முன்னிலையில் தம் திருமணத்தை இவ்வாறு மாற்றிக் காட்டியும் மக்கள் திரண்டு வந்திலர். மணநாளை எதிர்நோக்கி நிற்பவர்க்கு முறிவைப் பற்றி எண்ண மனம் வருமா?

லூசியானாவின் கத்தோலிக்க ஆயர்கள் இச்சட்டத்தைப் பரிந்துரைக்க முன்வரவில்லை. திருமண ஆயத்தத்திற்கு வரும் இளையோர்க்கு மணமுறிவுக்கான காரணங்களையும் கற்பிக்க வேண்டும் என்று அது விதித்ததே அவர்களைத் தயங்கச் செய்தது.